அண்ணியின் கத்திரிக்கோல்

தொண்ணூறுகளில், நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, ஆஸ்டின் டவுன் வீட்டில் என் படிப்புக்கு அண்ணன் வைத்த பெயர் 'முட்டை உடைக்கிற வேலை'. கோழிக்கருவில் செல்கள் எப்படி இடம் மாறுகின்றன, எந்தப் புரதம் சொல்லி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்று பார்க்கிறேன் என்றால், ஆம்லெட் எப்போது வரும் என்பான்.

அண்ணி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். அவளுக்குப் பிறந்த பெண்ணுக்கு மேலுதடு பிளந்திருந்தது. ஆபரேஷன் செய்து தைத்துவிட்டார்கள். குழந்தை ஜம்மென்று பால் குடித்தது, வருகிறவர் போகிறவரைப் பார்த்தெல்லாம் சிரித்தது. அண்ணிதான் சிரிக்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு, கிரகணத்தன்று, அவசரமென்று ஒரு ஜாக்கெட் துணியை வெட்டியிருந்தாள். கிரகணத்தில் கர்ப்பிணி எதையாவது வெட்டினால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்பார்கள். அம்மா அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். போதாதா? கத்திரிக்கோலை அம்மாவிடமே கொடுத்துவிட்டு, மிஷினை மூடிவைத்துவிட்டாள் அண்ணி. சுத்தப் பேத்தல் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை லேபுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மைக்ராஸ்கோப்பில் கோழிக்கருவின் முகத்தைக் காட்டினேன். முகம் எங்கே, தனித்தனியாகச் சில மேடுகள்தான். தலையின் பின்பக்கத்திலிருந்து செல்கள் நகர்ந்து வந்து இவற்றை நிரப்பும். சில புரதங்கள் 'போ' என்னும், சில 'இங்கேயே நில், பக்கத்திலிருப்பதைப் பிடித்துக்கொள்' என்னும். எங்கேயாவது பிசகினால் மேடுகள் சேராமல் நின்றுவிடும் என்றேன். நமக்கும் இப்படித்தான் என்றேன்.

அண்ணி கண்ணை எடுக்காமலே கேட்டாள். "மனுஷக் கொழந்தைக்கு உதடு எந்த மாசத்துல சேரும்?"

"ரெண்டாவது மாசத்துலயே முடிஞ்சிடும், அண்ணி."

அவள் நிமிர்ந்தாள். கை நிறைய வளைகாப்பு வளையலோடுதான் அன்று துணி வெட்டினேன் என்றாள். ஏழாவது மாதம்! இதைப் படிக்கிற எனக்கு இந்தக் கணக்கு தோன்றவே இல்லையே. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

வீட்டில் அம்மா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தே, கிரகணத்துக்கு முன்னாடியே உதடு வேலை முடிஞ்சுபோச்சாம். கத்திரிக்கோலக் குடுங்க. பாப்பாவுக்கு கவுன் வெட்டணும்."

அம்மா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய், பரண்மேலிருந்து கத்திரிக்கோலை எடுத்து, முந்தானையால் துடைத்து அண்ணியிடம் நீட்டினாள்.

"அப்படியே எனக்கும் ஒரு ஜாக்கெட் வெட்டும்மா" என்றாள்.