பக்கம் திருப்புகிறவர்

எங்கள் இசைக்குழுவில் இரண்டு வயலினுக்கு இசைக்குறிப்புத் தாள் வைக்க ஒரே ஸ்டாண்டு. உள்பக்கம் உட்கார்பவர் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியிலும் வாசிப்பை நிறுத்தி, தாளைத் திருப்ப வேண்டும். சபையோரம் இருக்கும் வெளிப்பக்கத்தவர் தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போவார்; மதிப்பான இடம் அதுதான். பதினான்கு வருடமாகத் திருப்பியவர் பெரியக்கா. வாசித்தவள் அவருடைய சொந்தத் தங்கை. அவரைவிட எட்டு வயது சின்னவள், சேர்ந்த அன்றே வெளிப்பக்கம் போய் உட்கார்ந்தவள். வயிறு எரியாதா?

எரிந்தது. நேர் பின்னால் உட்கார்ந்திருந்த என் மேலேயே அனல் அடித்தது. தங்கையை யாராவது புகழ்ந்தால் போதும், பெரியக்கா குனிந்து வில்லுக்கு ரோசின் பிசினைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். நல்ல கச்சேரி முடிந்தால் மடியெல்லாம் வெள்ளைப் பொடியாக இருக்கும்.

"எல்லாம் அந்த வயலின் பண்ற வேலை. அப்பா அவளுக்குன்னா பாத்துப் பாத்து வாங்குவாரு" என்று என்னிடம் புலம்புவார். ஒருமுறை கேட்டே வாங்கி, ஒரு வாரம் இருவரும் வயலினை மாற்றிக்கொண்டார்கள். தங்கை கையில் பெரியக்காவின் பழைய வயலின் குழைந்து குழைந்து பேசியது. அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

போன மாதம் இசை நடத்துநர் சொன்னார்: "சனிக்கிழமை கச்சேரிய வச்சுத்தான் வெளிப்பக்கம் யாருன்னு முடிவு பண்ணுவேன்."

பெரியக்கா என் காதைக் கடித்தார். "நான் திருப்பப் போறதில்ல. அடுத்த பக்கம் எனக்கு மனப்பாடம். அவ முழிக்கட்டும்."

"பாவம்க்கா."

"உனக்கென்ன, சும்மா இரு."

சனிக்கிழமை அந்தக் கடைசி வரி வந்தது. பெரியக்கா வில்லைத் தந்தியிலிருந்து எடுக்கவில்லை, வாசித்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். பதினான்கு வருடத்தில் ஒரு நாளும் அவர் வாசிக்காத வரி அது. வீட்டில் பயிற்சி செய்யும்போதுகூட அந்த இடத்தில் கை தானாகத் தாளுக்குப் போய்விடும். கண்ணுக்குத் தெரிந்த வரி விரலுக்குத் தெரியவில்லை. அமைதியான இடம் வேறு. மூன்று அபஸ்வரம், மண்டபம் முழுக்கக் கேட்டது.

தங்கை சட்டென்று வாசிப்பை நிறுத்தினாள். கை நீட்டித் தாளைத் திருப்பிவிட்டு மறுபடி சேர்ந்துகொண்டாள்.

கச்சேரி முடிந்து மேடைக்கு உள்ளே வந்ததும் ஓடி வந்து அக்கா கையைப் பிடித்தாள். "என்னக்கா, கை வலிக்குதா? சொல்லியிருந்தா நானே எல்லாப் பக்கமும் திருப்பியிருப்பேனே."

"ஆமா, லேசா வலி" என்றார் பெரியக்கா.

வெளிப்பக்க நாற்காலி தங்கைக்கே என்று நடத்துநர் சொல்லிவிட்டுப் போனார். பெரியக்கா ரோசினைத் தேடவில்லை. எல்லாரும் போன பிறகு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"பாத்தியா, சத்தமே வராம திருப்பினா. அது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு."