உதயகலாவும் நாலு கமராக்களும்

உரும்பிராய் உதயகலா தபால் கந்தோரில் இருபது வருடமாக முத்திரை குத்துகிறாள். வயது நாற்பத்து நாலு. அவள் கலியாணம் கட்டவில்லை என்பதை ஊர் அவளுடைய விலாசத்தைப் போலச் சொல்லும்.

கனடாவிலுள்ள தமையன் கோபிசங்கர் கட்டிய மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். தனியாக என்பது பிழை. கேற்றில், விறாந்தையில், ஹோலில், கிணற்றடியில் என்று நாலு கமராக்களும் உண்டு. கள்ளருக்காகப் பூட்டியவை. ஐந்து வருடத்தில் ஒரு கள்ளனும் வரவில்லை. அவை பார்த்ததெல்லாம் உதயகலாவைத்தான்: உடுப்புத் தோய்க்கிறாள், முற்றத்து மாங்கண்டுக்குத் தண்ணி விடுகிறாள், சாப்பிடுகிறாள், டிவி பார்த்துச் சிரிக்கிறாள்.

கோபிசங்கர் லேசுப்பட்டவர் இல்லை. ரொறன்ரோவில் விடுதலை பற்றி மேடையில் பேசினால் பின்வரிசை கண்கலங்கும். அவருடைய மகள் ஒரு வெள்ளைக்காரப் பெடியனோடு தாலி இல்லாமலே குடித்தனம் நடத்துகிறாள். "அது அவளின்ரை தனிப்பட்ட விசயம்" என்பார். நல்ல மனுசன். ஊருக்கு வரும்போது சொக்கிலேற்றும் சென்ற்றும் கொண்டுவருவார். அந்தத் தனிப்பட்ட விசயத்தை வைக்க மட்டும் பெட்டியில் இடம் இருக்காது.

தெல்லிப்பழை நதானியேல் மாஸ்ரர் மனைவியை இழந்தவர். கடிதம் போட வந்து பழக்கமானவர். இந்தக் காலத்திலும் கடிதம் எழுதுகிற மனிதரை, முத்திரை குத்துகிறவள் விரும்பாமல் என்ன செய்வாள்? அடுத்த மாதம் பதிவுத் திருமணம் என்று இருவரும் முடிவெடுத்தார்கள். தமையனுக்குச் சொல்லத்தான் அவளுக்குத் துணிவு வரவில்லை.

ஞாயிறு பின்னேரம் அவருக்குத் தேத்தண்ணி நீட்டும்போது விறாந்தைக் கமரா தமையனின் குரலில் பேசியது.

"கலா, உவர் ஆர்?"

"நதானியேல் மாஸ்ரர், அண்ணை. நாங்கள் கலியாணம் கட்டப்போறம்."

மாஸ்ரர் எழுந்து கமராவுக்கு மரியாதையாக வணக்கம் சொன்னார்.

"வேதக்காரரோ? இந்த வயசிலை உனக்கென்ன விசரோ? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் இஞ்சை எங்கை இருக்கு? எல்லாரும் உங்கைதானே."

"என்ரை வீட்டிலை உது நடக்காது."

வீடு அவருடையதுதான், உறுதிப் பத்திரத்தில் பெயர் இருக்கிறது. தங்கச்சிக்கும் ஓர் உறுதி முடித்துவிட்டார் போலும். கேட்டால் அன்பு என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அங்கேதான். காசு அனுப்புவார்கள், கவலைப்படுவார்கள், கூரையில் கண் வைப்பார்கள். ஆளை மட்டும் ஆளாக இருக்க விடமாட்டார்கள். அதைக் காவல் என்று சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். அன்பு என்று சொன்னால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

அடுத்த நாள் உதயகலா லீவு போட்டாள். தன் சம்பளத்தில் வாங்கிய தையல் மெசினையும் குக்கரையும் உடுப்புப் பெட்டியையும் ஒவ்வொன்றாகக் கமராக்களுக்குக் காட்டிக் காட்டி ஓட்டோவில் ஏற்றினாள். கேற்றைப் பூட்டி, சாவியைக் கேற்றுக் கமராவின் கழுத்தில் கொழுவினாள்.

"கலா, நில். மாங்கண்டுக்கு ஆர் தண்ணி விடுறது?"

"நாலு கமரா சும்மாதானே நிக்குது, அண்ணை. அதுகளைக் கேளுங்கோ."