கப்பலில் ஓடாத பெட்டி

நான்கு விரல்கள் மட்டுமே விசைப்பலகையில் வேலை செய்கின்றன. மற்ற ஆறும் சும்மா மடங்கிக் கிடக்கின்றன. அந்த நான்கும் ஒரு வரியை அழிக்கின்றன, அதே இடத்தில் புதிய பதிப்பு எண்ணை அடிக்கின்றன, அடுத்த வரியில் அந்த மென்பொருளுக்கு மட்டுமே உரிய அடையாளமான, அறுபத்து நான்கு எழுத்து நீளமுள்ள ஒரு கைரேகையை ஒட்டுகின்றன. பிறகு வலது கை பென்சிலை எடுக்கிறது. கட்டம் போட்ட நோட்டில் எழுதி வைத்திருக்கும் அதே கைரேகையின் முதல் எட்டு எழுத்துகளையும் கடைசி எட்டு எழுத்துகளையும் திரையோடு ஒத்துப் பார்த்து, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போடுகிறது. இப்படி நாற்பத்தொரு துணை மென்பொருள்கள், நாற்பத்தொரு கோடுகள்.

வின்கா ஷ்கரித்சாவின் கைகள் அவை. அட்ரியாட்டிக் கடற்கரையில், ஷிபெனிக் துறைமுகத்துக்கு மேலே, கடலாய்வு நிலையத்தின் இரண்டாம் மாடியில் அவளுடைய மேசை இருக்கிறது. கடல் நீரோட்டத்தைக் கணிக்கும் மென்பொருளை, அதற்கு வேண்டிய சாமான் சட்டு அத்தனையோடும் சேர்த்து ஒரே கன்டெய்னராகக் கட்டித் தருவது அவள் வேலை. நிலையத்தில் அதைப் பெட்டி என்றே சொல்வார்கள். எந்தக் கணினியில் திறந்தாலும் உள்ளே இருப்பது மாறக்கூடாது. இன்று வந்த விடையே ஐந்து வருடம் கழித்தும் வர வேண்டும்.

இதற்கென்று அவள் எங்கும் போய்ப் படிக்கவில்லை. பதினொரு வருடம் கீழ்த்தளத்தில் கடல்நீர் மாதிரிப் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு புட்டிக்கு மூன்று கழுவல், ஒவ்வொன்றுக்கும் சீட்டில் கையெழுத்து. ஒரு குளிர்காலத்தில் ஆய்வுக்கூடத்துக் கணினி செத்துப்போனது. அதில் எது எது எந்த வரிசையில் நிறுவப்பட்டிருந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வின்காவுக்குத் தெரிந்திருந்தது. யாராவது வந்து எதையாவது நிறுவும்போதெல்லாம், புட்டி காயும் நேரத்தில் எட்டிப் பார்த்துத் தன் நோட்டில் குறித்து வைத்திருந்தாள். ஏன் குறித்தாய் என்று கேட்டவர்களிடம், "புட்டிக்கு எழுதுறேன், இதுக்கு மட்டும் எழுதக் கூடாதா?" என்றாள். இரண்டே நாளில் கணினி பழையபடி எழுந்து உட்கார்ந்தது. அதன்பின் புட்டி கழுவ வேறு ஆள் வந்தார். அவள் கையேடுகளை ஒவ்வொன்றாக வாசித்து, தப்பாகக் கட்டி, பிரித்து, மறுபடி கட்டிக் கற்றுக்கொண்டாள்.

அந்தச் சீட்டுப் பழக்கம் மட்டும் அவளை விடவில்லை. பெட்டியை வாங்குகிறவர் தன் சொந்தக் கணினியில் அதைத் திறந்து, சோதனைக் கணக்கை ஓட்டி, விடை சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை பெட்டி ஒப்படைக்கப்பட்டதாகக் கணக்கில்லை. விஞ்ஞானிகள் அவள் மேசைக்குச் சுங்கச்சாவடி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை. நிலையத்தின் ஆய்வுக் கப்பல் வியாழன் நண்பகல் புறப்படுவதாக இருந்தது. நீரோட்ட விஞ்ஞானி யாக்ஷா அந்தப் பத்தொன்பது நாள் பயணத்துக்காக மூன்று வருடம் காத்திருந்தவன். தினமும் காலையில் கப்பலிலேயே கணிப்பை ஓட்டி, அது காட்டும் இடத்தில் மிதவைகளைக் கடலில் விட வேண்டும். நடுக்கடலில் பெட்டியை இறக்கிக்கொள்ளும் அளவுக்கு இணையம் கிடையாது. கரையிலிருந்து கொண்டுபோவதுதான். அது ஓடாவிட்டால் நாற்பது மிதவைகளையும் கண்ணை மூடிக்கொண்டு எறிய வேண்டியதுதான்.

காலை ஒன்பது மணிக்குக் கப்பலின் மின்பணியாளர் ரோக்கோ போன் செய்தார்.

"வின்கா, உன் புதுப் பெட்டி ஒரு நொடிகூட நிக்கலம்மா. 'சட்டவிரோதக் கட்டளை'ன்னு சொல்லிட்டுப் படுத்துருச்சு. முப்பது வருஷமா கப்பல்ல இருக்கேன், போலீஸ்காரன்கூட என்னை அப்படிச் சொன்னதில்ல."

"திருப்பி ஓட்டிப் பாத்தீங்களா, ரோக்கோ அண்ணா?"

"மூணு தடவை. மூணு தடவையும் அதே வசவுதான்."

"கைரேகையைப் படிங்க."

அவர் படித்தார். அவள் பென்சிலோடு தொடர்ந்தாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை. பெட்டி முழுசாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தது.

"போன வருஷத்துப் பெட்டி இன்னும் அங்க இருக்கா?"

"இருக்கு. அது கழுதை மாதிரி ஓடுது."

ஆனால் பழைய பெட்டி உதவாது. காற்று விவரங்கள் வரும் ஃபைலின் வடிவம் வசந்தத்தில் மாறிவிட்டது. பழையதற்கு அதைப் படிக்கத் தெரியாது.

செய்தி கேட்டு யாக்ஷா இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தான்.

"அக்கா, எங்க திறந்தாலும் ஒண்ணா இருக்கும்னுதானே பெட்டி? அதைச் சொல்லித்தானே எங்களை எல்லாம் வரிசையில நிக்க வெச்சீங்க?"

"பெட்டி ஒண்ணாத்தான் இருக்கு. திறக்கிற கணினிதான் வேற."

"அப்போ கப்பல்லயே கட்டிடலாம். கம்பைலரை எடுத்துட்டுப் போறேன். அரை நாள் வேலை."

"கட்டலாம். ஓடவும் ஓடும். அப்புறம் கப்பல்ல ஒரு விடை, கரையில ஒரு விடை. ரெண்டு வருஷம் கழிச்சு ஒருத்தன் வந்து எதுப்பா சரின்னு கேட்டா, எதைக் காட்டுவ?"

"ரெண்டு வருஷம் கழிச்சு வரப்போறவனுக்கு நான் இப்பவே பயப்படணுமா? வியாழக்கிழமை கப்பல் போயிடும்க்கா!"

"இன்னிக்குச் செவ்வாய்தான். உக்காரு. மூச்சு விடு."

அவளுக்குப் பதற்றம் இல்லை. உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் ஒரு சுறுசுறுப்பு. அவிழ்க்க முடியாத சிக்கல் என்று ஒன்றை அவள் இதுவரை கண்டதில்லை, யாரும் எழுதி வைக்காத சிக்கலைத் தவிர. நோட்டைத் திறந்தாள். பழைய பெட்டிக்கும் புதியதற்கும் நடுவே மாறியவை மூன்று: நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர், காற்று ஃபைலைப் படிக்கும் பகுதி, பெட்டிகளைக் கட்டும் சர்வர். முதல் பெட்டியிலிருந்தே உழைத்த பழைய சர்வரை வசந்தத்தில்தான் ஓய்வுக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றிக் கட்டிப் பார்க்கலாம். ஒரு கட்டுக்கு நான்கு மணி நேரம். அதற்கு முன் அந்த வசவை அவள் இன்னொரு முறை யோசித்தாள். தனக்குத் தெரியாத ஏதோ ஒன்றைச் செய்யச் சொல்கிறார்கள் என்றல்லவா கப்பல் கணினி முறையிடுகிறது?

மறுபடி ரோக்கோவை அழைத்தாள். "உங்க கணினியோட பிராசஸருக்கு என்னென்ன செய்யத் தெரியும்னு ஒரு பட்டியல் இருக்கும். அதை அப்படியே படிங்க."

தேவாலயத்தில் புனிதர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி மன்றாடுவதுபோல ரோக்கோ ராகம் போட்டுப் படித்தார். புதிய சர்வரின் பட்டியலில் வின்கா ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். முடிவில் கோடு விழாமல் நான்கு பெயர்கள் மிஞ்சின. புதியதற்குத் தெரியும், கப்பலில் இருக்கும் கிழத்துக்குத் தெரியாது.

இனி அந்த நான்கையும் யார் கேட்டது என்று பார்க்க வேண்டும். நாற்பத்தொரு கட்டுக் குறிப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து முடிக்க இருட்டிவிட்டது. எதிலும் அந்தப் பெயர்கள் இல்லை. இருபத்தாறாவதில், அணிக் கணக்குகளைப் போடும் பகுதிக்கான குறிப்பில், ஒரு சொல் இருந்தது. 'கட்டுகிற கணினிக்கு ஏற்றபடி கட்டு' என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல். அதாவது, நீ எந்த இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கிறாயோ அதன் வித்தைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்று.

அந்தச் சொல் எப்போது நுழைந்தது? எட்டு வருடத்துக்கு முந்தைய நோட்டை அலமாரியிலிருந்து இறக்கினாள். பக்கத்தைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். 'வேகம் 12% கூடுதல். யாக்ஷா கேட்டது. சரி.' அவளுடைய கையெழுத்துதான்.

அப்போது பழைய சர்வரையும் கப்பல் கணினியையும் ஒரே வருடத்தில் வாங்கியிருந்தார்கள். இரட்டைப் பிள்ளைகள் போல. அதனால் எட்டு வருடமும் அந்தச் சொல் ஒரு தொல்லையும் தரவில்லை. புதிய சர்வர் வந்ததும் அதே சொல் புதியதற்கு மட்டுமே செரிக்கும் பண்டத்தைச் சமைத்துவிட்டது. சோதனையையும் அவள் அந்தப் புதிய சர்வரிலேயே ஓட்டியிருந்தாள். சமைத்தவனே சாப்பிட்டுப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்ன கதை.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த யாக்ஷா விழுந்து விழுந்து சிரித்தான்.

"சுங்கச்சாவடிக்குள்ளயே கடத்தலா!"

"கேட்டது நீ."

"சரின்னு எழுதினது யாரு?"

"நான்தான்." புதிய நோட்டில் தேதி போட்டு, 'என் தவறு' என்று எழுதி, காரணத்தை இரண்டு வரியில் சேர்த்தாள். "போதுமா? உன் பேரையும் போட்டிருக்கேன், கவலைப்படாதே."

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கட்டு தொடங்கியது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, கப்பல் கணினியின் பிராசஸர் எந்தத் தலைமுறை என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தாள். முன்பு கட்டி வைத்த அடுக்கு எதையும் தொடாமல், அடியிலிருந்து எல்லாம் புதிதாக. பத்து மணிக்கு வழக்கம்போல மரேந்தா என்னும் முற்பகல் சாப்பாட்டுக்குக் கீழே போனார்கள். பொரித்த மத்தி, ரொட்டி, தண்ணீர் கலந்த ஒயின். யாக்ஷா தட்டைத் தொடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மீனைத் தின்னு. நீ முறைச்சா அது வேகமாக் கட்டாது."

"எப்படிக்கா உங்களுக்கு இறங்குது?"

"பசிக்குது, இறங்குது."

பதினொன்றரைக்குள் முடிந்தது. சோதனைக் கணக்கின் விடை, பத்தாவது இலக்கம்வரை முன்பே குறித்து வைத்திருந்த விடையோடு ஒத்துப்போனது. அதற்கப்பால் கொஞ்சம் பிசகு. யாக்ஷா எண்களை வெகுநேரம் பார்த்தான்.

"இது கடலுக்குத் தெரியாது," என்றான் கடைசியில். "ஆனா முழுக் கணிப்புக்கு ஐம்பத்து மூணு நிமிஷம் ஆகுது. முன்னாடி நாப்பத்தேழு."

"அந்த ஆறு நிமிஷத்துல நீ என்ன கிழிக்கப்போற?"

மதியம் அவள் மாடிப்படிக்குக் கீழேயிருந்த பழைய சர்வரை இழுத்து வந்து, தூசி தட்டி, மேசைக்கடியில் வைத்து மின்சாரம் கொடுத்தாள். உறுமிக்கொண்டு எழுந்தது. அதிலும் பெட்டி ஓடியது. இனி எந்தப் பெட்டியானாலும் முதலில் இந்தக் கிழத்திடம் ஓடிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினாள்.

வியாழன் காலை எட்டு மணிக்கு, பெட்டி பதிந்த வட்டைப் பையில் போட்டுக்கொண்டு கப்பலேறினாள். ரோக்கோ நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார். சோதனை ஓடியது, விடை சரியாக வந்தது. "இனி முழுசா ஓட்டிடுங்க அண்ணா," என்றாள். அது முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ரோக்கோ தன் மகள் கல்யாணத்துக்கு எத்தனை ஆடு வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். யாக்ஷா கதவோரம் போவதும் வருவதுமாக இருந்தான்.

திரையில் அட்ரியாட்டிக் கடல் நீலமும் சிவப்புமாக விரிந்தது. நீரோட்டத்தின் அம்புகள் ஒவ்வொன்றாக முளைத்து, தெற்கே ஓர் இடத்தில் சுழன்று நின்றன.

"அங்கதான்," என்றான் யாக்ஷா மெதுவாக. "முதல் மிதவை அங்கதான்."

வின்கா சீட்டை நீட்டினாள். ரோக்கோ கையெழுத்துப் போட்டார், யாக்ஷாவும் போட்டான். தேதி விட்டுப்போயிருந்தது. அதையும் போடச் சொன்னாள். பிறகு வட்டைக் கழற்றி, துணியால் துடைத்து, உறையிலிட்டு, இரண்டு கைகளாலும் அவனிடம் கொடுத்தாள்.