வெயிலில் காய வைத்த பேட்டரி

காந்திபுரத்தில் இரண்டு செல்போன் கடை, பல்லடத்தில் ஒன்று, தொண்டாமுத்தூரில் மாடி வீடு, என்னிடம் தொழில் பழகித் தனிக்கடை போட்ட பதினோரு பேர்: ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் யாரிடமும் போய் நிற்காமல் உண்டாக்கியவை இவை. அப்படிப்பட்ட எனக்கு, துருவும் காரமும் கலந்தது போன்ற அந்தத் தீய்ந்த பேட்டரி வாடை மூக்கில் ஏறினால் இந்த வயதிலும் உள்ளங்கை வேர்த்துப்போகிறது.

எங்கள் சிறுவயதில் டார்ச் லைட்டுக்குள் போடுவதைப் "பேட்டரிக் கட்டை" என்போம். வெளிச்சம் மங்கினால் உடனே புதிது வாங்க மாட்டோம். வெயிலில் காய வைத்தால் இன்னும் நாலு நாள் எரியும். விடிவதற்கு முன் தோப்புக்குப் போகும் அப்பாவுக்கு, வழியில் ஆனை நிற்கிறதா என்று பார்க்க அதுதான் துணை. ஒரு ஆடி மாதம் சாரல் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் வெயிலே இல்லை. "கட்டையக் காய வெச்சுப்போடு கண்ணு, நாளைக்கு வேணும்" என்று அப்பா சொல்லிவிட்டுப் போக, வெளிச்சம் இல்லாமல் அவர் ஆனை காலில் மாட்டிக்கொள்வாரோ என்ற பயத்தில், ஒன்பது வயதான நான் வெந்நீர் அடுப்பின் சுடுசாம்பலில் கட்டைகளைப் புதைத்து வைத்தேன். அது தெரியாமல் என் அக்கா மயிலாத்தா அடுப்பை ஊதக் குனிந்தாள். வெடித்தது. உள்ளே இருந்த கரிய மசி முகமெல்லாம் தெறித்து, அவளுக்கு வலது கண் போய்விட்டது.

"ஆரு வெச்சது?" என்று அப்பா கேட்டார். அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். "நாந்தானுங்கப்பா" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பயம்தான் எனக்குப் பேட்டரிகளைப் படித்துக் கொடுத்தது. பழைய செல்போனில் இருந்தது நிக்கல். கனமாக இருக்கும், முழுக்கத் தீர்த்துவிட்டுச் சார்ஜ் போட்டால்தான் ஒழுங்காக நிற்கும். அடுத்து வந்த லித்தியம் அயானுக்கு அது ஆகாது. முழுக்கத் தீரவிடவும் கூடாது, சூட்டில் வைக்கவும் கூடாது. இப்போது பல போன்களுக்குள் ஒட்டியே வருவது லித்தியம் பாலிமர்; ஷாம்பு பாக்கெட் மாதிரி மெல்லிசு, கெட்டால் உப்பும், குத்தினால் தீப்பிடிக்கும். ஒன்றுக்குச் செய்கிற வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் தொலைந்தோம். அதனால்தான், தீப்பிடித்தால் போட்டு மூட, என் கடை ஒவ்வொன்றிலும் மணல் வாளி வைத்தேன். "ஏனுங்கண்ணா, கொத்து வேலையும் சேத்து எடுத்துட்டீங்களா?" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

போன கோடையில் பல்லடத்துத் தறிக்காரர் ஒருவர் காந்திபுரம் கடைக்கு வந்தார். "சார்ஜே நிக்கறதில்லைங்க. ரெண்டு நாளா தறிக் கொட்டாய் தகரத்து மேல வெயில்ல காய வெச்சேனுங்க, அப்பவும் தேறலைங்க" என்றார். கடை மெக்கானிக் முருகேசு பின்மூடியைக் கழற்றி, உப்பிக் கிடந்த பேட்டரியைப் பார்த்து, "பேட்டரி மாசமா இருக்குதுங்க" என்று சிரித்தபடி, காற்றை இறக்கிவிடலாம் என ஊசியை எடுத்தான். தறிக்காரர் குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். அக்கா அடுப்பை ஊதக் குனிந்த அதே குனிவு.

அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். போனைப் பிடுங்கி மணலுக்குள் போட்டு, மேலே இன்னும் மணலைக் கொட்டினேன். ஊசி முனை லேசாகப் பட்டிருக்க வேண்டும்; கொஞ்ச நேரத்தில் வாளி சீறிப் புகைந்தது. அந்த வாடை வந்தது.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தாளு கண்ணு தப்புச்சாடா?"

இன்று கட்டை காய வைப்பவர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. டார்ச்சே போனுக்குள் போய்விட்டது. எங்கள் கடைத்தெருவில் இப்போது எல்லாக் கடையிலும் மணல் வாளி இருக்கிறது. "உப்பிய பேட்டரியைக் குத்தாதீர், வெயிலில் வைக்காதீர்" என்று நோட்டீஸ் ஒட்டி, அடியில் வியாபாரிகள் சங்கம் என்று போட்டிருக்கிறார்கள். சங்கத்துக்காரர்களே, அந்த வாளியை முதலில் வைத்தவன் நான்; அங்கே என் பெயரைப் போடுங்கள். போடும்போது, அன்றைக்குச் சாம்பலில் கட்டையைப் புதைத்ததும் நான்தான் என்று சேர்த்தே எழுதுங்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாக அது அக்கா பெயரில் இருக்கிறது.