வாய்க்கால் இறாலும் கல்வெட்டின் கடைசிப் பக்கமும்

உருத்திரபுரத்தில் மூன்று ஏக்கர் பற்றைக்காட்டை வெட்டி வயலாக்கினேன். கிணறு வெட்டினேன். பதினெட்டு அடியில் கல் வந்தது, எல்லாரும் மூடச் சொன்னார்கள், நான் மூடவில்லை. வீடு இரண்டு தரம் கட்டினேன். சண்டையில் முதல் வீட்டின் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை, அதே அத்திவாரத்தில் திரும்பக் கட்டினேன். இடம்பெயர்ந்து விசுவமடுவில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தபோதுகூட நான் கட்டிய கக்கூசைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கட்டினார்கள். ஊருக்குத் திரும்பி வந்து நெல்லுக் குத்துகிற மில் போட்டேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இவ்வளவும் செய்தேன். ஒருவரும் கைகொடுக்கவில்லை.

இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். எங்கள் வாய்க்காலில் ஓலைக்கட்டுப் போட்டு இறால் பிடிக்கிற வழியைக் கண்டுபிடித்தவனும் நான்தான். அந்த விஷயத்தில் எனக்கு ஓர் அநியாயம் நடந்துவிட்டது. அதற்காகத்தான் பேனையை எடுத்திருக்கிறேன்.

போன கார்த்திகையில் என் மனைவி செத்துப்போனாள். முப்பத்தோராம் நாளுக்கு எங்கள் வழக்கப்படி கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுத்தோம். அட்டையில் அவளுடைய படம், உள்ளே தேவாரம், பிறந்து வளர்ந்த கதை, நன்றி சொல்லுகிற பக்கம் எல்லாம் இருந்தன. செத்தவீட்டுக்கு வந்திருந்த என் ஒரே மகள்தான் முழுவதையும் எழுதினாள். அவள் கனடாவில் இருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் "அம்மாவின் ஒடியல் கூழ்" என்று போட்டு, செய்கிற முறையையும் எழுதியிருந்தாள்.

நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன். செத்தவீட்டுச் சனம் எல்லாம் போய், மகளும் பிளேன் ஏறிப் போன பிறகுதான் அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். முதல் வரி இப்படி இருந்தது: "சந்தையில் வாங்கிய இறால் ஒரு கிலோ."

என் வாழ்நாளில் நான் சந்தையில் இறால் வாங்கியதில்லை.

பிடிக்கிற முறையைச் சொல்லுகிறேன். குளத்தில் விடுகிற இறால் குஞ்சுகளில் கொஞ்சம் துருசு வழியாக, அதாவது குளத்து மதகு வழியாக, வாய்க்காலுக்கு வந்துவிடும். என் வயலடியில் வாய்க்கால் ஒரு சீமெந்துப் படியிலிருந்து கீழே விழுகிறது. விழுந்து விழுந்து அந்த இடத்தில் கிடங்கு தோண்டுப்பட்டிருக்கிறது. சிறுபோகம் முடிந்து துருசை மறித்தால் வாய்க்கால் வற்றிப்போகும், கிடங்கில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். ஒரு வருடம் அதற்குள் விழுந்து கிடந்த பனையோலையை இழுத்தபோது உள்ளேயிருந்து இறால்கள் துள்ளின. துள்ளியதை முதலில் கண்டவள் மனைவி, அது உண்மை. ஆனால் அடுத்த வருடம், மறிப்பதற்கு மூன்று நாள் முந்தியே ஓலையையும் கொப்பையும் சேர்த்துக் கம்பியால் கட்டி, நடுவில் கல்லும் தேங்காய்ப் புண்ணாக்கும் வைத்துத் தாழ்த்தியவன் நான். தண்ணீர் குறையக் குறைய இறால் எல்லாம் அந்தக் கட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். கட்டு தண்ணீரை விட்டு வெளிக்கிட்டால் ஒரு நொடியில் குதித்துவிடும். அதனால் நான் கட்டை மெல்ல அசைத்துத் தூக்குவேன், அவள் தன் பழைய நூல் சேலையைத் தண்ணீருக்குள்ளேயே அடியில் கொடுத்து நான்கு முனையையும் சேர்த்துப் பிடிப்பாள். கையளவு நீளமான இறால்கள் விழும். கிடாய் இறாலுக்கு, ஆணுக்கு, இரண்டு நீண்ட நீலக் கைகள் இருக்கும், பிடித்தால் விரலை விடாது.

மறிப்பு நாள் எங்கள் வாய்க்கால் வரம்பில் திருவிழா மாதிரி இருக்கும். பக்கத்து வயல்காரர்கள் மரவள்ளியும் பயற்றங்காயும் கொண்டுவருவார்கள். நெல்லு ஏற்ற வருகிற முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், லொறியை வரம்போடு நிறுத்திவிட்டு இறங்கி வருவார். மனைவி இறால் தலைகளை அம்மியில் தட்டிப் பிழிந்து அந்தச் சாற்றைப் பானைக்குள் விடுவாள். பலாக்கொட்டை, முருங்கையிலை, ஒரு பிடி அரிசி, அரைத்த செத்தல் மிளகாய், புளி எல்லாம் போட்டுக் கடைசியில் காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றுவாள். பலா இலையைக் கோலி எல்லாரும் சுற்றி நின்று குடிப்போம். நான் கட்டுப் போட்ட கதையை ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்து சொல்லுவேன். நானா மூன்றாவது இலையை நீட்டிக்கொண்டே, "அண்ணை, நீங்க கட்டின கட்டைவிடக் கதைதான் பாரம். கெதியா முடியுங்கோ, கூழ் ஆறுது" என்பார். மனைவி சிரிப்பாள், என்னைப் பார்க்காமல்.

இந்த ஆவணியிலும் துருசை மறித்தார்கள். நான் மூன்று கட்டுப் போட்டேன். மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினால் கல்வெட்டில் போட்ட பிழை அவளுக்கே விளங்கும் என்று நினைத்தேன். பக்கத்து வயல்களில் வெட்டு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. மெசினோடு வந்தவர்கள் எனக்குத் தெரியாத ஆட்கள். நானா இப்போது நெளுக்குளத்தில் மகளோடு இருக்கிறார். போன் பண்ணினேன். முழங்கால் மடங்காது, மகள் படி இறங்க விடுகிறாளில்லை என்றார். இறால் கூழைப் பற்றி ஐந்து நிமிடம் கேட்டார். பிறகு, "எனக்கும் சேத்து ஒரு இலை குடியுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அலுமாரியைத் திறந்து அவளுடைய நூல் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் இறங்கினேன். இரண்டு முனையைத் தடிகளில் கட்டினேன், மற்ற இரண்டையும் என் இடுப்பில் சொருகினேன். முதல் கட்டைத் தூக்கினேன். சேலை ஒரு பக்கம் சரிந்தது, இறால்கள் தண்ணீருக்குள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஐந்து மிஞ்சின. வரம்பில் ஏறி இருந்து மூச்சு வாங்கினேன். வாளிக்குள் அவை சுறண்டுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

கூழ் காய்ச்சினேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, எங்களிடம் இருந்தது பன்னிரண்டு பேருக்கான பானைதான். கண் பழகிய அளவுக்குத் தண்ணீர் வைத்தேன். ஐந்து இறாலும் அதற்குள் எங்கே போயின என்று அகப்பையால் தேட வேண்டியிருந்தது. ஒடியல் மாவை மூன்று தரம் ஊறவைத்துத் தெளிந்த தண்ணீரை வெளியே ஊற்ற வேண்டுமாம். நான் ஒரு தரம் செய்தேன். கசந்து காறியது. பொய் எழுதுவதற்கு எனக்கு என்ன தேவை, காறியதுதான். ஒரு இலை குடித்தேன், நானாவுக்காக இன்னொன்று குடித்தேன். மிச்சம் பானையில் இருந்தது.

பின்னேரம் மகளைக் கூப்பிட்டேன். அவளுக்கு அது விடியற்காலை, வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். சந்தை இறால் என்று ஏன் போட்டாய் என்று கேட்டேன். "இங்க இருக்கிற ஆக்களும் செய்து பாக்கோணும் எண்டுதான் அப்படிப் போட்டனான். ஸ்காபரோவில வாய்க்கால் இல்லையே அப்பா" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கிடங்கு, அந்தக் கட்டு, அந்த இறால் எல்லாம் நான் தனி ஆளாகக் கண்டுபிடித்தது என்று சொன்னேன். சின்னப் பிள்ளையில் நீ நீலக் கைகளை வரம்பில் வரிசையாக அடுக்கினாயே, அது எங்கேயிருந்து வந்தது என்றும் கேட்டேன்.

"ஞாபகம் இருக்கு" என்றாள். "தனியத்தான் பிடிச்சனீங்கள் எண்டால், சேலையை ஆர் பிடிச்சது?"

நான் பானையை மூடினேன். அவளே, "இண்டைக்கு எத்தினை பிடிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

ஐந்து என்றேன்.

"ஆரோட சாப்பிட்டனீங்கள்?"

கூழ் காறிவிட்டது என்று சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சளித் தடிமனாக்கும். வருடம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்கு அந்தப் பக்கத்தைத் திரும்பவும் அச்சடிக்கப் போவதாகவும், என்ன எழுத வேண்டுமோ அதை எழுதி அனுப்பும்படியும் சொன்னாள். பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

இரண்டு கிழமை யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். மகளே, அச்சகத்துக்கு இதை அப்படியே கொடு. கூழ் அம்மாவுடையது, அதில் எனக்கு வழக்கில்லை. சேலையைப் பிடித்தது அவள் என்று போடு, பெரிய எழுத்தில் போட்டாலும் சரி. ஆனால் சந்தை என்ற சொல்லை எடுத்துவிடு. அந்த இடத்தில், இறால்கள் எங்கள் வயலடி வாய்க்காலில் அப்பா ஓலைக்கட்டுப் போட்டுப் பிடித்தவை என்று போடு. கட்டுப் போட்டது நான். அது ஒரு வரிதான், ஆனால் அது இருக்க வேண்டும்.