ரஃபீக் எடுத்துக்கொண்ட கடைசி ஆர்டர்

சென்னையிலிருந்து ரஃபீக்கின் அக்கா அழைத்தார். "போயிட்டான்ப்பா. இங்கேயே அடக்கம்." அழுகைக்கு முன் எனக்குள் எழுந்தது ஒரு கேள்வி: எனக்கு முன்னால் யாருக்குச் சொன்னார்?

சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டகையில் நடந்த வகுப்பில் நாங்கள் ஒரே பெஞ்சு. அந்த உரிமை போதும் என்று நினைத்திருந்தேன்.

அவனுக்கு முதலில் இருமல். காய்ச்சல். இரு நுரையீரலிலும் வெள்ளைத் திட்டுகள். இங்கே அந்தமானில் காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. சென்னையில் நுரையீரலில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தார்கள். நம்மில் பெரும்பாலோரிடம் சிறுவயதிலேயே புகுந்து உறங்கிவிடும் ஒரு வைரஸ், அவனிடம் உறங்கவில்லை. அது புகுந்த வெள்ளை அணுக்கள் பெருகி, இரத்தக் குழாய்களை அரித்தன. இளவயதில் மிக அரிது என்றார்களாம். லிம்ஃபோமட்டாய்டு கிரானுலோமட்டோசிஸ்.

"க்யா பேருடா! அந்தமான்லயே எனக்கு மட்டும்தான் இருக்கும்" என்று சிரித்தான். அந்த வைரஸ் என்னிடமும் இருக்கலாம். சும்மா கிடக்கிறது.

கடல் தாண்டி மெயின்லேண்ட் போகிறவரிடம் எதையாவது வாங்கிவரச் சொல்வது நம் வழக்கம். நோயாளிக்கும் விலக்கில்லை. கராச்சர்மாவில் இருக்கும் மாமி அவனிடம் மிக்ஸி ஜார் கேட்டார். "ஊசி போட்டு முடிச்சதும் அப்படியே பாரிஸ் கார்னர் பக்கம் போயிட்டு வா கண்ணு." வாங்கி வந்தான். எல்லோருக்கும் வாங்கி வந்தான். நான் எதுவும் கேட்கவில்லை.

"எல்லாரும் என்னைக் கடைக்கு அனுப்புறாங்க. நீ மட்டும்தான்டா ஆஸ்பத்திரிக்கு அனுப்புற."

கடைசிப் பயணத்துக்கு முன் கேட்டேன். ஒரு கறுப்புக் குடை.

"அரே, குடையா? இங்க டாலிகஞ்ச்ல எங்க வாப்பா கடை பூரா அதான் தொங்குது!"

"மெயின்லேண்ட் குடைதான் வேணும்."

"பஸ், போதும்டா. ஆர்டர் எடுத்தாச்சு." அவ்வளவு மகிழ்ச்சி அந்த முகத்தில்.

நேற்று அவன் வீட்டில், அவனிடம் வாங்கிவரச் சொன்ன நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். ஆளுக்கொரு பொருள், ஆளுக்கொரு ரஃபீக். ஜார் இன்னும் ஓடுகிறது என்றார் மாமி. ஒருவர் அவன் வாங்கித் தந்த சட்டையிலேயே வந்திருந்தார். என்னால் உங்களைப் பார்க்க முடியவில்லை. அக்கா சென்னையிலிருந்து கொண்டுவந்த பையில் குடை இல்லை. பார்த்தேன்.

புறப்படும்போது மழை. அவன் வாப்பா வீட்டை ஒட்டிய கடையிலிருந்து ஒரு குடையை எடுத்து நீட்டினார். வேண்டாமென்று நனைந்தே வந்தேன்.

உங்களுக்கு உரியவை வந்து சேர்ந்துவிட்டன. ஜார் தேயும். சட்டை கிழியும். எனக்கு மட்டும்தான் அவன் இன்னும் ஒன்று கொண்டுவர வேண்டியிருக்கிறது. அதில் உங்கள் யாருக்கும் பங்கில்லை.