கண்ணாடிக்காரரின் பின்னந்தலை

பஸ்ஸில் ஏறியதும் கண்ணாடிக்காரர் முதலில் செய்கிற காரியம், உட்கார்ந்திருப்பவர்களுக்கு வயது போடுவது. முகத்தைப் பார்த்துப் போடமாட்டார். முகம் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. செல்போனை எவ்வளவு தூரத்தில் பிடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். மூக்குக்குப் பக்கத்தில் என்றால் இருபது. நெஞ்சுக்கு நேரே என்றால் முப்பத்தைந்து. கையை நீட்டி, தாடையைப் பின்னுக்கு இழுத்து, ஒரு கண்ணைச் சுருக்கினால் நாற்பத்தைந்து. ஆனால் அந்த ஆசாமி அதை இன்னும் வீட்டில் ஒப்புக்கொண்டிருக்கமாட்டார். "நாப்பதுக்கு ஒண்ணு, அம்பதுக்கு ரெண்டு, அறுபதுக்கு ரெண்டரை. அதுக்கு மேல கடவுள் விட்ட வழி" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். இது மூக்குக்கண்ணாடிப் பவரின் கணக்கு. நாற்பத்தொரு வருஷமாக ஒரே கடையில் பிரேம் வளைத்து, லென்ஸ் பொருத்தி, கடுகு அளவு திருகுகளை முறுக்கிக்கொண்டிருப்பவர். அவருக்கு மனிதர்கள் பவராகத்தான் தெரிவார்கள்.

அவருக்கு வயது அறுபத்தெட்டு. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஏனென்றால் தலை அப்படி. நேர்வகிடு எடுத்துப் படிய வாரிய, அண்டங்காக்காய் பார்த்துப் பொறாமைப்படுகிற கறுப்பு. மீசையும் அதே சாயம். இரண்டரைப் பவர் கண்ணாடி சட்டைப் பைக்குள் கிடக்கும். பஸ்ஸில் அதை வெளியே எடுப்பதில்லை. முதுகு வளையாமல் கம்பியைப் பிடித்து நிற்பார். ஆக, ஊரார் வயதையெல்லாம் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்கிற மனிதருடைய வயது மட்டும் ஊருக்குத் தெரியாது. இவ்வளவையும் செய்துவிட்டு, தனக்கு எவனும் எழுந்து இடம் தருவதில்லை என்று தினமும் வருத்தப்படுவார்.

"காதுல பஞ்சு வெச்ச கூட்டம்" என்பது இளைஞர்களுக்கு அவர் வைத்த பெயர். காதுக்குள் செருகியிருக்கும் அந்த வெள்ளைச் சமாசாரத்தை அவர் பஞ்சு என்றுதான் சொல்வார். "கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, பவரே வேண்டாம். ஆனா எதிர்ல நிக்கிறவன் தெரியமாட்டான்." காலையில் கடைக்கு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, திருப்புளிகளை வரிசையாக அடுக்கும்போதே இந்த அறிக்கை வந்துவிடும். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன சின்ன முதலாளி ஒரு நாள் சொல்லியேவிட்டார்: "அண்ணே, உங்களைப் பாத்தா எந்திரிக்கத் தோணாதுண்ணே. உங்களைத்தான் எழுப்பத் தோணும்."

அது நடந்தும் இருக்கிறது. முதியோருக்கென்று பஸ்ஸின் முன்பக்கத்தில் இரண்டு இருக்கைகள் உண்டு. ஒரு முறை மூச்சு வாங்குகிறதே என்று அங்கே உட்கார்ந்தார். அடுத்த நிறுத்தத்தில் தடியூன்றி ஏறிய ஒருவர் இவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்ப்பா, இது வயசானவங்க சீட்டு. படிக்கத் தெரியும்ல?" இவர் விருட்டென்று எழுந்து மன்னிப்புக் கேட்டார். அந்த மனிதருக்கு அறுபத்தைந்துக்கு மேல் ஒரு நாள் இருக்காது என்று அன்றே கணக்குப் போட்டுவிட்டார். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார்.

சரி, கேட்டு வாங்கிக்கொள்ளலாமே? அதற்கு அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். "கேட்டு வாங்கினா அது சீட்டு. தானா வந்தாத்தான் மரியாதை."

இதைச் சொல்ல அவருக்கு யோக்கியதை உண்டு. இருபத்திரண்டு வயதில், இந்தக் கடைக்கு முன்பு பார்த்த முதல் வேலைக்கு இதே தடத்தில் போய்க்கொண்டிருந்த காலத்தில், இடம் கொடுப்பதை அவர் ஒரு வித்தையாகவே வைத்திருந்தார். "உக்காருங்கம்மா" என்று சொல்லி எழுந்தால் அவர்களுக்குக் கூச்சம். "பரவால்லப்பா, நீ உக்காரு" என்பார்கள். பிறகு இரண்டு பேரும் நின்றுகொண்டிருக்க, நடுவில் மூன்றாமவன் வந்து உட்கார்ந்துவிடுவான். அதனால் அவர் வாயே திறக்கமாட்டார். தன் நிறுத்தம் வந்துவிட்ட மாதிரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வழி, வழி" என்று எழுந்து கதவுப் பக்கம் போய்விடுவார். உண்மையான நிறுத்தம் வரும்வரை, கூட்டத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு அங்கேயே நிற்பார். கொடுத்தது தெரியக் கூடாது. அதுதான் அதில் விசேஷம்.

தெரிந்துகொண்டது ஒரே ஒரு அம்மாள். துணிப்பையும் மருந்துச் சீட்டுமாகத் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர். பதினைந்தாம் நாள் அந்த அம்மாள் நேரே கதவுக்கு வந்து, "ஏன் தம்பி, தினமும் என் முகத்தைப் பாத்ததும் உன் ஸ்டாப் வந்துடுதா?" என்று கேட்டார். இவர் படியிலிருந்து விழத் தெரிந்தார். அப்புறம் விசாரிப்பு, வீட்டுக்கு அழைப்பு, எல்லாம் முறையாக நடந்து, அந்த அம்மாள் இவருக்கு மாமியார் ஆனார். "பஸ்ல எடம் குடுக்கிறவன் வீட்லயும் குடுப்பான்" என்று மாமியார் சொன்னதாகச் சொல்வார். மனைவி அதை விடமாட்டாள். "எங்கம்மாவுக்கு சீட்டையே குடுத்தாரு. எனக்குப் போர்வையில பாதிகூடக் குடுத்தது இல்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

தலைச்சாயத்தைத் தொடங்கிவைத்ததும் அவள்தான். மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனபோது, வாசலில் நின்ற காவலாளி, "பேத்தியா சார்?" என்று கேட்டுவிட்டான். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமையே மனைவி ஒரு கிண்ணமும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷுமாகப் பின்கட்டில் முக்காலி போட்டுவிட்டாள். கழுத்தைச் சுற்றிச் செய்தித்தாள். அதன் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு, இருபத்துநான்கு வருஷம் தவறியதில்லை. இடது கையால் பிடரியை அழுத்திக் குனியவைத்துக்கொண்டு, வலது கையால் தீட்டுவாள். "ஆட்டாதீங்க. காது கறுத்துட்டா நான் பொறுப்பில்ல." கடைசி மாதங்களில் அவளால் எழ முடியாதபோது, இவர் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டார். அவள் படுத்தபடியே கை நீட்டிப் பூசினாள். பாதி தலையணை உறையில்தான் ஒட்டியது. அந்த உறையை மகள் எவ்வளவு சொல்லியும் தூக்கிப்போடவில்லை.

அவள் போய் இருபது மாதம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் இப்போதும் சாயம் உண்டு. தானே பூசிக்கொள்கிறார். வேறு யாரும் கிண்ணத்தைத் தொடக் கூடாது.

இதற்கிடையில் வலது முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "நடக்கலாம், உக்காரலாம். ரொம்ப நேரம் நிக்கத்தான் கூடாது" என்றார். கடையில் முக்காலி இருக்கிறது, வீட்டில் நாற்காலி இருக்கிறது. மாலை பஸ்ஸில் கூட்டம் கிடையாது. காலையில் அந்த நாற்பது நிமிஷம்தான் எமன். மகள் கொண்டுபோய் விடலாம் என்றால் அவள் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகம் நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. மாலையில் அவர் வந்ததும் வராததுமாக, மகள் வீங்கிய கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். அழுத்திய இடத்தில் குழி விழும், எழும்ப நேரமாகும்.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன்ப்பா. வீக்கம் வடியலைன்னா கடைக்குப் போறதை நிறுத்திடணும். சின்ன முதலாளிகிட்ட நானே பேசிடுவேன்."

"நின்னாத்தானேம்மா வீங்குது. உக்காந்தா சரியாயிடும்."

"யாரு எடம் குடுக்கிறாங்க உங்களுக்கு? தலையை இப்படியே விட்டுடுங்கப்பா. நரைச்சா தன்னால எந்திரிப்பாங்க."

அன்று இரவு அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கடையை விட்டால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, காலியான அந்தக் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். சாயத்தை விட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். எதை விடுவது? இரண்டும் அவரால் ஆகாத காரியம்.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, அது நடந்தது. வழக்கமாக அவர் இருக்கைகளைப் பார்த்துத்தான் நிற்பார். வயது போட வேண்டுமே. அன்று பெரிய மூட்டையோடு ஏறிய ஒருவர் இடித்த இடியில் அப்படியே திரும்பிப்போய், முதுகைக் காட்டி நிற்கும்படி ஆயிற்று. பின்னால் காதில் பஞ்சோடு ஒரு பெண், செல்போன் மூக்கருகே, இருபது இருபத்தொன்று. ஏறும்போதே மதிப்புப் போட்டு ஒதுக்கிவைத்த கேஸ்தான். இரண்டாவது நிறுத்தம் தாண்டியதும், "கொஞ்சம் வழி விடுங்க" என்று அவள் பையை மாட்டிக்கொண்டு எழுந்து போனாள். அவர் உட்கார்ந்தார். முழங்கால் பெருமூச்சு விட்டது.

அடுத்த நிறுத்தம் வந்தது, அவள் இறங்கவில்லை. அதற்கடுத்ததும் வந்தது. கதவுப் பக்கம் ஒரு குண்டு மனிதருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். கிட்டப் பார்க்கிற கண்ணாடி, தூரத்துக்கு எங்கே உதவும்? கழற்றிவிட்டுப் பார்த்தார். அவளேதான். நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் தான் நின்ற அதே மூலையில், அதே மாதிரி நிற்கிறாள்.

அவருடைய நிறுத்தத்தில்தான் அவளும் இறங்கினாள். அவர் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போய்ப் பிடித்துவிட்டார்.

"ஏம்மா, ஒரு நிமிஷம். உன் ஸ்டாப் இதுதானே? எதுக்கு அவ்வளவு முன்னாடியே எந்திரிச்சே?"

அவள் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். "அது... கால் மரத்துப்போச்சு அங்கிள்."

"பொய் சொல்லாதே. இந்தப் பொய்யை உங்கப்பா டிராயர் போட்டு அலைஞ்ச காலத்துலயே நான் சொல்லியாச்சு."

மாட்டிக்கொண்ட சிரிப்பு அவளுக்கு. அவர் விடவில்லை. "எனக்கு என்ன வயசுன்னு நெனச்சே?"

"முன்னாடி பாத்திருந்தா அம்பதுன்னு நெனச்சிருப்பேன் அங்கிள். நீங்க பின்னாடி திரும்பி நின்னீங்கல்ல..." சொல்லலாமா என்று தயங்கி, தன் பிடரியைத் தடவிக் காட்டினாள். "எங்கப்பாவும் இப்படித்தான். முன்னாடி மட்டும் போட்டுட்டு வந்துடுவாரு, பின்னாடி அவருக்குக் கை எட்டாது. நான்தான் பழைய பிரஷ்ஷால போட்டு விடுவேன். உங்களுக்கு வீட்ல யாரும்..." அவர் முகத்தைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். "லேட்டாயிடுச்சு அங்கிள், வரேன்."

கடை முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடிகள். சுவரில், மேசையில், தூணில். நாற்பத்தொரு வருஷமாக எல்லாரும் அதில் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். அன்று சின்ன முதலாளி டீ குடிக்கப் போன நேரத்தில், இவர் சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கையில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். காலருக்கு மேலே ஒரு கையகலத்துக்கு வெள்ளை. சாம்பல் இல்லை, சுத்த வெள்ளை. இருபது மாதமாக இதைச் சுமந்துகொண்டுதான் ஐம்பது வயதுக்காரன் மாதிரி நிமிர்ந்து நின்றிருக்கிறார். முதலில் வெட்கம் பிடுங்கியது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்களையெல்லாம் பஞ்சு வைத்த கூட்டம் என்று ஏசினோமே, பின்னால் நின்றவர்கள் என்னவெல்லாம் நினைத்திருப்பார்கள் என்று தோன்றியது. பிறகும் கண்ணாடியை இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் இடது கை அழுத்திப் பிடிக்கிற இடம். அவள் இல்லை என்பது அங்கேதான் எழுதியிருந்தது.

மாலையில் மகள் காலை அழுத்திப் பார்க்கும்போது கேட்டார். "எனக்குப் பின்னால வெள்ளையா இருக்கா?"

அவள் நிமிரவில்லை. "ஒண்ணரை வருஷமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, நான் போட்டு விடட்டான்னு கேக்கணும். கேட்டா உங்களுக்கு அம்மா ஞாபகம் வரும்." பிறகு நிமிர்ந்து, "போட்டு விடட்டாப்பா?" என்றாள்.

அவர் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "வேண்டாம்மா. அது அங்கேயே இருக்கட்டும்" என்றார். அவள் அழுத்திய இடத்தில் அன்று குழி கொஞ்சம் சீக்கிரம் எழும்பியது. ஒரே நாளில் வீக்கம் வடியுமா என்று டாக்டரைக் கேட்டால்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் முக்காலி போட்டு, கழுத்தைச் சுற்றிச் செய்தித்தாள் கட்டி, வகிட்டிலிருந்து காதுவரை ஒரு மயிர் விடாமல் பூசிக்கொண்டார். மீசைக்கும் பூசினார். பிடரிப் பக்கம் மட்டும் தொடவில்லை. பழைய பிரஷ்ஷைக் கழுவித் துடைத்து, அதன் இடத்தில் வைத்தார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். கண்ணாடிக்காரர் ஏறி வயது போட்டார். முதல் வரிசை இரண்டேகால், இரண்டரை. அடுத்தது ஒன்றரை, தூக்கம். நான்காவது வரிசையில் இரண்டு பையன்கள், பவரே இல்லை, காதில் பஞ்சு. இடித்துப் பிடித்து அவர்கள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். கேட்கவில்லை, கேட்டு வாங்குவது அவர் வழக்கமில்லை. மெல்லத் திரும்பி அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரண்டு விரலால் சட்டைக் காலரைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.